ராட்டினம் ஏறிய பெரியவர்கள்

விளையாட்டு என்னும் சொல்லைக் கேட்டவுடன் சிறார்தம் முகமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. வளர்ந்தோர் விளையாடுவதாயின் அது காற்பந்தாகவோ பூப்பந்தாகவோ இருத்தல் வேண்டும். வெற்றியும் தோல்வியும் ஒரு கோப்பையும் அதனோடு சேர்ந்திருத்தல் வேண்டும். அவ்வாறின்றி, யாதொரு பயனும் கருதாமல், குழந்தை எதனையும் கையிற் பிடித்திராமல், ஐம்பது அகவை கடந்த ஒருவர் நுழைவுச்சீட்டு வாங்கி ராட்டினத்தில் ஏறி அமர்ந்தால் நம்மவர் சிரிக்கின்றனர். 'இந்த வயதில் இது தேவைதானா?' என்று வினவுகின்றனர். ஆயினும் பண்டார் சன்வேயிலும் புக்கிட் பிந்தாங்கிலும் உள்ள கேளிக்கைப் பூங்காக்களின் வாயிலில், பள்ளி நடைபெறும் நாளொன்றில் சற்று நேரம் நின்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். உள்ளே செல்வோருள் குழந்தைகளோடு வாராதவர் பலர். இணையராய் வருவோர், தொழிற்சாலைத் தோழியராய்க் கூடி வருவோர், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் சென்றுவிட்டபின் தாமாக வருவோர் எனப் பல வகையினர் அவர்.

இதனை ஒரு புதுமை என்று கருதுவோர் உளர். மேனாட்டாரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பழக்கம் என்று குறைகூறுவோரும் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. கோலாலம்பூர் வட்டாரத்தில் கேளிக்கைப் பூங்கா என்பது பிறந்ததே பெரியவர்களுக்காகத்தான். குழந்தைகள் அங்கே பின்னர் வந்து சேர்ந்த விருந்தினரே ஆவர்.

தமிழ் மரபினை நன்கறிந்தோர்க்கு இது வியப்பளித்தல் ஆகாது. தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல், உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கெனக் கூறுங்கால், செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு விளையாட்டினையும் வைத்து எண்ணுகின்றது. அந்நான்கனுள் எதுவும் சிறுவர்க்கென்று ஒதுக்கப்பட்டதன்று. பரிபாடலில் வையையின் புதுப்புனலில் ஆடுவோர் பருவம் எய்திய ஆடவரும் மகளிருமே. புகார் நகரத்து இந்திர விழா இருபத்தெட்டு நாள் நிகழ்ந்தது என்று காப்பியம் கூறுகின்றது. அவ்விழாவிற் களித்தோர் ஊர் மாந்தர் அனைவருமாவர். குறிஞ்சி நிலத்து மகளிர் ஊசலாடியதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. பிற்காலத்தே பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஊசல் ஒரு பருவமாயிற்று. ஊஞ்சலைச் சிறுமியிடம் கொடுத்துவிட்டுப் பெரியவள் இறங்கிக்கொண்டாள் எனலாமோ? இலக்கிய வகையின் வளர்ச்சியை இவ்வாறு எளிமைப்படுத்துதல் ஆராய்ச்சியாளர்க்கு உவப்பாகாது. எனினும் எண்ணிப் பார்க்கத்தக்கதொரு மாற்றம் அது.

மேனாடுகளிலும் நிலைமை இத்தகையதே. டென்மார்க்கின் தலைநகரில் 1843ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தீவொலிப் பூங்கா, இசை கேட்கவும் உலாவவும் வந்த நகரமக்களுக்காக அமைந்தது. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் பெரிஸ் என்னும் பொறியாளர் நிறுவிய மாபெரும் சக்கர ராட்டினம் 264 அடி உயரம் உடையது. அதன் 36 பெட்டிகளில் ஒவ்வொன்றும் அறுபது பேரைச் சுமந்தது. அறுபது பேரும் தொப்பியணிந்த கனவான்களும் சீமாட்டிகளுமாக ஏறிச் சுற்றினர். அச்சக்கரத்தை விலைக்கு வாங்க விரும்பி, அது கிட்டாமற் போன ஜார்ஜ் டில்யூ என்பவர்தாம் 1897இல் நியூயார்க்கின் கோனித் தீவில் தம் பூங்காவைத் திறந்தார். அங்கே இயந்திரக் குதிரைகள் இரும்புப் பாதையில் ஓடின. ஆலையிலும் கடையிலும் வாரம் முழுவதும் உழைத்த இளைஞரும் இளம்பெண்டிரும் ஒரே குதிரையில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு சென்றனர். வீட்டிலும் வீதியிலும் கிடைக்காத அந்த நெருக்கத்தையே டில்யூ விற்றார் என்பது பொருந்தும்.

கேளிக்கைப் பூங்கா என்பது பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து செல்லும் இடம் என்னும் எண்ணத்தை உலகெங்கும் நிலைநாட்டியவர் வால்ட் டிஸ்னி. தம் பெண்மக்கள் குடைராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தாம் மட்டும் பூங்காவின் விசிப்பலகையில் வாளாவிருந்தபோது அவ்வெண்ணம் தோன்றியது என்று அவரே கூறியுள்ளார். 1955ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. ஆக, 'இது குழந்தைகளுக்கான இடம்' என்று நாம் நெடுங்கால மரபுபோற் பேசும் கருத்திற்கு வயது எழுபதாண்டு அளவே ஆகின்றது. அதனையும் கூர்ந்து நோக்கின், விசிப்பலகையில் அமர்ந்திருந்த பெரியவரின் சலிப்பே அதற்கு வித்தாயிற்று என்பது விளங்கும்.

நம் நாட்டிற்கு இக்கேளிக்கை வந்த வழி அமெரிக்க வழியன்று, சீன வழி. ஷாங்காய் நகரில் 1917இல் 'பேருலகம்' என்னும் பெயரில் ஒரு கேளிக்கை மாளிகை எழுந்தது. நாடகம், வித்தை, உணவு, சூது என அனைத்தும் ஒரே கூரையின்கீழ் அங்குக் கிடைத்தன. அதனைப் பின்பற்றிச் சிங்கப்பூரில் 1923இல் ஓங் உடன்பிறப்பினர் 'நியூ வேர்ல்டு' பூங்காவை நிறுவினர். 'கிரேட் வேர்ல்டு', 'ஹேப்பி வேர்ல்டு' என்பன அடுத்துத் தோன்றின. திரைப்படத் தொழிலில் ஓங்கி நின்ற ஷா சகோதரர்களின் கையும் இத்துறையிற் படிந்தது. பினாங்கிலும் ஈப்போவிலும் இத்தகைய பூங்காக்கள் எழுந்தன. கோலாலம்பூரில் இவற்றுள் பெயர் விளங்கி நின்றது புக்கிட் பிந்தாங் பூங்கா. மக்கள் அதனை 'பி.பி. பார்க்' என்று சுருக்கி வழங்கினர்.

அப்பூங்காவைப் பற்றிக் கூறுமுன், அங்குச் செல்லும் உரிமை யாருக்கு இருந்தது என்பதனை ஆராய்தல் வேண்டும். நுழைவுக் கட்டணம் சில காசுகளே. ஆனால் விளையாடுதற்குக் காசு மட்டும் போதாது, பொழுதும் வேண்டும், விரும்பிய இடத்திற்குச் செல்லும் உரிமையும் வேண்டும்.

ஆங்கிலேயர்க்கு இவையனைத்தும் இருந்தன. 1884இல் சிலாங்கூர் மன்றம் தோன்றியது. அதன் முன்னிருந்த திடலில் துரைமார் கிரிக்கெட் ஆடினர். மாலையில் மது அருந்தினர். 1888இல் ஏரிப்பூங்கா அமைக்கும் பணி தொடங்கிற்று. வளர்ந்த மனிதர்கள் பந்தடிப்பதைக் கண்டு எவரும் அன்று நகைக்கவில்லை. ஆளுவோர் ஆடினால் அது நாகரிகம். பாட்டாளி ஆடினால் அது வீண்பொழுது. இவ்விரு அளவுகோலும் அக்காலத்திலேயே வந்துவிட்டன.

1886ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. செங்கற்சூளைகளாற் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ் பின்னர் இரயில்வே ஊழியர்தம் குடியிருப்பாயிற்று. அங்கு வாழ்ந்த தமிழரும் இலங்கைத் தமிழரும் மாதச் சம்பளம் பெற்றனர். பணி முடிந்தபின் பொழுது அவர்களுடையது. நகரம் நடை தூரத்தில் இருந்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர் நிலை வேறு. விடியுமுன் பெரட்டுக்கு நிற்றல், மரம் வெட்டுதல், பால் நிறுத்தல் எனப் பொழுது கழிந்தது. தோட்டத்திற்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. கேளிக்கை என்று நிர்வாகம் அவர்களுக்கு வழங்கியது அது ஒன்றே. காமன் கூத்து, கோலாட்டம், திருவிழாக் கரகம் ஆகியவை அம்மக்கள் தமக்குத் தாமே படைத்துக்கொண்டவை.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தம் மலாயாத் தமிழர் வரலாற்றில் முதன்மையானது. தமிழ் நேசன் நாளிதழிற் பணியாற்றிய ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதனை நடத்தியது. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும் என்ற கோரிக்கையைப் பலரும் அறிவர். அக்கோரிக்கைப் பட்டியலின் ஏனைய பகுதிகளை மீண்டும் படித்தல் நன்று. பத்து மணி, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து போக வேண்டும். துரையும் கிராணியும் எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும். இவை கூலி பற்றியன அல்ல. வேலைநேரம் முடிந்தபின் மனிதனுக்குச் சொந்தமான பொழுதைப் பற்றியவை. மாலையில் சைக்கிளேறித் தன் விருப்பப்படி ஓரிடத்திற்குச் செல்லுதலும், இடையில் எவரைக் கண்டும் இறங்காமல் செல்லுதலும் அன்று கேட்டுப் பெறவேண்டிய உரிமைகளாயிருந்தன.

விடை துப்பாக்கியாய் வந்தது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர், பலர் சிறைப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியிற் சப்பானியர் படையெடுத்தனர். சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் மீளவில்லை. போர் ஓய்ந்தபின் 1948இல் அவசரகாலம் வந்தது. அது 1960வரை நீடித்தது. தோட்டக் குடியிருப்புகளை முள்வேலி சூழ்ந்தது. இரவில் ஊரடங்கு நிலவியது. இத்துணை துன்பங்களுக்கிடையே ஒருவன் சம்பளம் பெற்ற நாளில் பேருந்து ஏறிக் கோலாலம்பூர் சென்று பி.பி. பார்க்கின் விளக்குகளைக் கண்டான் என்றால், அதனை வெறும் ஊதாரித்தனம் என்று ஒதுக்கிவிடல் நேர்மையாகாது.

அங்கே என்ன இருந்தது? ராட்டினங்கள் இருந்தன, சீன இசை நாடக மேடை இருந்தது, சிற்றுண்டிக் கடைகளும் குறிபார்த்து எறியும் விளையாட்டுக் கடைகளும் இருந்தன, நடனக்கூடமும் இருந்தது. ரோங்கெங், ஜோகெட் மேடைகளில் ஆடும் மங்கையரோடு ஆட விரும்புவோர் சீட்டு வாங்கிக் கொடுத்து ஒரு பாட்டு முடியும்வரை ஆடலாம். இரு கையும் இரு காலும் இசைக்கு அசையும். ஆனால் ஒருவரையொருவர் தொடுதல் இல்லை. மலாய் இசைக்குச் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் ஒரே மேடையில் ஆடினர். இனங்கள் தனித்தனியே வாழ்ந்த அந்நாளில் அவர்கள் ஒன்றாய்க் கூடிச் சிரித்த இடங்கள் மிகச் சிலவே.

மற்போர் அக்காலத்தின் பெருங்காட்சி. ஹங்கேரி நாட்டவரான எமில் சாயா, 'கிங்காங்' என்னும் பெயரில் மலாயாவையும் சிங்கப்பூரையும் கலக்கினார். 1947இல் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூர் வந்த இளைஞர் தாராசிங், கோலாலம்பூரில் திர்லோக் சிங்கை வென்று மலாயாவின் வீரர் என்று பெயர் பெற்றார். கிங்காங்கும் தாராசிங்கும் மோதுகின்றனர் என்றாற் போதும். வயதானோரும் மேடையோரம் முண்டியடித்து நின்று கூச்சலிட்டனர். அம்மோதல்களுள் எத்தனை உண்மை, எத்தனை நடிப்பு என்பது வேறு கேள்வி. கூத்தில் அரிச்சந்திரன் மயானம் காப்பதைக் கண்டு கண்ணீர் வடித்த மக்களுக்கு அவ்வேறுபாடு ஒரு பொருட்டாயிராது.

ரோஸ் சான் என்னும் ஆடலணங்கின் பெயரையும் இங்கே மறைத்தல் ஆகாது. 1925இல் சீனாவிற் பிறந்து, சிறுமியாய்க் கோலாலம்பூருக்குக் கொண்டுவரப்பெற்ற அவர், 1950களில் ஆடை களையும் ஆட்டத்தால் நாடெங்கும் பேசப்பட்டார். மலைப்பாம்பொன்றைத் தோளிற் சுற்றிக்கொண்டு மேடையேறினார். அவரைப் பழித்தோர் மிகப் பலர். முதியோர் இல்லங்களுக்கும் ஆதரவற்ற சிறார்க்கும் தம் வருவாயிலிருந்து அவர் வாரி வழங்கியதைப் பழித்தோரும் மறுத்திலர். 1987இல் புற்றுநோயால் அவர் மறைந்தார். பெரியவர்களின் கேளிக்கை என்பது அந்நாளில் ஆடவரின் கேளிக்கையாகவே இருந்தது என்பதற்கு அவர் வாழ்வே சான்று. பெண்கள் மேடைமீது உழைத்தனர். ஆண்கள் மேடைக்குக் கீழே களித்தனர்.

தோட்டத்துத் தமிழ்ப்பெண் இவ்விரு இடத்திலும் இலள். அவள் ராட்டினம் ஏறிய இடம் வேறு. 1892முதல் தைப்பூசம் கொண்டாடப்பெற்று வரும் பத்துமலையில், விழா நாள்களில் திடலெங்கும் கடைகளும் ராட்டினங்களும் எழும். காவடி முடிந்து, பால்குடம் இறக்கி, மொட்டையடித்த தலையில் சந்தனம் பூசிய கணவனோடும் அண்டை வீட்டுப் பெண்களோடும் அவள் அப்பக்கம் வருவாள். அன்று அவள் ராட்டினத்தில் ஏறி அலறிச் சிரித்தால் ஏளனம் செய்வோர் இல்லை. முருகன் சந்நிதி அவளுக்கு அவ்வுரிமையை நல்கியது. ஆண்டுக்கு ஒருமுறை கிடைத்த உரிமை அது.

பி.பி. பார்க்கின் ஒளி மெல்லக் குன்றிற்று. 1963ஆம் ஆண்டு திசம்பர் 28ஆம் நாள் மலேசியத் தொலைக்காட்சி தொடங்கியது. கூத்தும் பாட்டும் வீட்டுக்கூடத்திற்கே வந்தன. நகரின் நடுவே நிலத்தின் விலை ஏறியது. 1972இல் பூங்கா மூடப்பட்டது. அவ்விடத்தில் 1977இல் சுங்கை வாங் வணிக வளாகம் திறக்கப்பட்டது. ஆடிய இடத்தில் கடைகள் வந்தன. பொழுதுபோக்குதல் என்பது பொருள் வாங்குதல் என்னும் புதிய பொருளைப் பெற்றது.

அதே காலத்தில் கெந்திங் மலையில் மற்றொரு வகைக் கேளிக்கை உருவாயிற்று. லிம் கோ தோங் 1965இல் தொடங்கிய முயற்சியின் பயனாய் 1971இல் அங்கே முதல் விடுதி திறக்கப்பட்டது. சூதாட்டக்கூடமே அதன் உயிர்நாடி. 21 அகவை நிரம்பாதோரும் முஸ்லிம்களும் அக்கூடத்தில் நுழைதல் ஆகாது. ராட்டினங்களும் உருளைவண்டிகளும் பின்னரே அங்குச் சேர்ந்தன. பெரியவர்க்குச் சூது, சிறியவர்க்கு ராட்டினம் என்று ஒரு பாகப்பிரிவினை அங்கு நிகழ்ந்தது. ஐம்பது அகவையினர் ஒருவர் காசு விழுங்கும் இயந்திரத்தின்முன் இரவு முழுவதும் அமர்ந்திருந்தால் அது பெரியவர்களின் செயல். அவரே ராட்டினத்தில் ஐந்து நிமிடம் சுற்றினால் அது சிறுபிள்ளைத்தனம். இந்த நியாயம் எந்த நூலில் எழுதப்பட்டுள்ளதோ தெரியவில்லை! அம்மலையின் பழைய திறந்தவெளிப் பூங்கா 2013இல் மூடப்பட்டது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'ஸ்கைவேர்ல்ட்ஸ்' என்னும் புதிய பூங்கா திறக்கப்பட்டது.

1990களின் தொடக்கத்தில் எழுந்த சன்வே லகூன், கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றையே தன் மண்ணிற் சுமந்து நிற்பது. ஈயம் தோண்டி முடித்துக் கைவிடப்பட்ட பள்ளத்தில், 88 ஏக்கர் பரப்பில் அப்பூங்கா அமைந்தது. சுரங்கத்தின் குழியே நீர்விளையாட்டுத் தடாகமாயிற்று. அப்பத்தாண்டுகளில்தான் சுற்றுவட்டாரத்து இரப்பர்த் தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாய் மாறின. தோட்டத் தமிழர் அடுக்குமாடிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பெயர்ந்தனர். கங்காணியும் கள்ளுக்கடையும் போயின. அவற்றோடு காமன் கூத்தாடிய திடலும் போயிற்று. பால்மரம் வெட்டியவரின் பேத்தி, மின்னணுத் தொழிற்சாலையில் மாறுநேர வேலை முடித்து, வார நடுவில் கிடைத்த ஓய்வுநாளில் தோழியரோடு இங்கு வருகின்றாள். பாட்டனுக்குக் கிட்டாத பொழுதும் பாட்டிக்குக் கிட்டாத உரிமையும் அவளுக்குக் கிட்டியுள்ளன. கட்டணம் மட்டும் சில காசுகளாக இல்லை. ஒரு நாட்கூலியை அது விழுங்கிவிடக்கூடும். உண்மையில் இன்று வாயிலில் நின்று வடிகட்டுவது வயதன்று, விலையே.

இப்பூங்காக்களின் கருவிகளே பெரியவர்களை எதிர்நோக்கி அமைந்தவை என்பதும் கவனிக்கத்தக்கது. உருளைவண்டியின் வாயிலில் ஓர் அளவுகோல் நிற்கும். அது உயரத்தைக் கேட்கும். இதயநோய் உடையோரும் கருவுற்றோரும் ஏறலாகாது என எச்சரிக்கும். இன்ன வயதிற்கு மேற்பட்டவர் விளையாடல் ஆகாது என்று வெட்கப்படுத்துவதில்லை. குட்டையான சிறுவன் ஏக்கத்தோடு திரும்பிச் செல்ல, அவன் தந்தை உள்ளே செல்வார். பள்ளிச் சுற்றுலாவிலோ காட்சி மாறும். மாணவர் அனைவரும் ராட்டினத்தில் இருக்க, ஆசிரியர்கள் நிழலில் நின்று நாற்பது பைகளையும் காலணிகளையும் காவல் காப்பர். டிஸ்னி அமர்ந்திருந்த விசிப்பலகை அது. அவ்வாசிரியருள் சிலர் பள்ளி விடுமுறையில் தாமே சீட்டு வாங்கி வருகின்றனர் என்றால் அதில் வியப்பில்லை.

குடும்பத்தின் வடிவமும் மாறிற்று. 1970இல் மலேசியப் பெண் ஒருவருக்குச் சராசரி 4.9 குழந்தைகள் என்றிருந்த கருவள விகிதம் 2022இல் 1.6 ஆகக் குறைந்துள்ளது. திருமணம் தாழ்கின்றது, பிள்ளைகள் குறைகின்றனர், ஆயுள் நீள்கின்றது. வாழ்நாளில் பெரும்பகுதியைக் கையிற் குழந்தையின்றிக் கழிப்போர் தொகை பெருகும்போது, குழந்தையைச் சாக்காக வைத்தே விளையாட வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு ஒத்துவாராது. பேரப்பிள்ளையை அழைத்துவந்தேன் என்று கூறிக்கொண்டு, பேரனைவிட முன்னதாக வரிசையில் நிற்கும் தாத்தாக்களை நாம் அறிவோம். அச்சாக்கு இன்று தேவையற்றதாகி வருகின்றது, அவ்வளவே.

ஏளனம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. நம் சமுதாயத்தில் அது பெண்களையே மிகுதியும் தாக்குகின்றது. கணவனை இழந்த ஒருத்தி கோயிலுக்குச் சென்றால் எவரும் காரணம் கேட்பதில்லை. அவள் நீர்ப்பூங்காவிற்குச் சென்றால் ஊர் முழுவதும் கேட்கும். மதுவின் கொடுமையை எதிர்த்துத் தொண்டர் படை கண்ட சமுதாயம் இது. சீர்திருத்தம் பேசியோர் கேளிக்கை என்ற சொல்லையே ஐயத்தோடு நோக்கினர். அவர் கண்ட கேளிக்கை கள்ளும் சூதுமாய் இருந்தமையால் அவ்வையம் தகுதியுடையதே. ஆனால் தீயதை விலக்கும்போது நல்லதொரு மாற்றை வைக்கும் பணியில் அவர்தம் வழிவந்த சங்கங்கள் முழுமையாய் ஈடுபடவில்லை. சொற்பொழிவும் பட்டிமன்றமும் நடத்தின; பெரியவர்கள் கூடிக் களிக்கும் திடல் ஒன்றினை அமைக்கவில்லை.

இன்று கிள்ளானிலிருந்து புறப்படுவோர் மின்இரயிலில் செத்தியா ஜெயா நிலையம்வரை வந்து, 2015இல் தொடங்கிய மேம்பாலப் பேருந்தில் ஏறினால், சன்வே லகூன் என்னும் பெயருடைய நிறுத்தத்திலேயே இறங்கலாம். பிரிக்பீல்ட்ஸ் வாழ்வோர்க்கு வழி இன்னும் எளிது. துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோ இரயில் ஏறின் மூன்றாவது நிறுத்தம் இம்பி. 2003இல் திறக்கப்பட்ட பெர்ஜாயா டைம்ஸ் சதுக்கத்தோடு அந்நிலையம் இணைந்துள்ளது. அக்கட்டடத்தின் மேல்மாடிகளில், கூரைக்கடியிலேயே உருளைவண்டி ஒன்று தலைகீழாய்ச் சுழன்றோடுகின்றது. அங்கு இறங்காமல் இன்னும் ஒரு நிறுத்தம் சென்றால் புக்கிட் பிந்தாங். படியிறங்கியவுடன் எதிர்ப்படுவது சுங்கை வாங் வளாகம். பி.பி. பார்க்கில் தாராசிங்கைக் கண்டு கூவியவர்களுள் உயிரோடிருப்போர் இன்று எண்பதைக் கடந்திருப்பர். அவருள் எவரேனும் அப்பக்கம் வந்தால், மேடை இருந்த இடத்தைக் கைத்தடியாற் சுட்டிக் காட்டுதற்கு அங்கே ஒரு கைப்பேசிக் கடையோ துணிக்கடையோதான் இருக்கும்.